வீட்டுக்கு டீப் ஃப்ரீசர் வாங்கும் முன்: லிட்டருக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், மீன்பிடித் தடைக்காலம் என்பதால் நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. தூத்துக்குடியில் எங்களைப் போன்ற வீடுகளில் அந்த இரண்டு மாதமும் நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டுவருவதை நம்பித்தான் குழம்பு. சீலாவும் விளைமீனும் விலை ஏறிவிடும். பங்குனியிலேயே கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி உறையவைத்துக்கொண்டால் இந்தக் கவலை இல்லை என்பதால்தான் வீட்டுக்கென்று தனியாக ஒரு டீப் ஃப்ரீசர் வாங்கினோம். இப்போது உறவினர்களும் நண்பர்களும் "எத்தனை லிட்டர் வாங்கலாம்?" என்று கேட்கிறார்கள். லிட்டரைக் கடைசியில் முடிவு செய்யுங்கள் என்பதே என் பதில். ஏன் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. எதை, எவ்வளவு, எத்தனை நாள்

ஒரு தாளில் எழுதுங்கள். மீன் எத்தனை கிலோ, கறி எத்தனை கிலோ, பச்சைப் பட்டாணி, துருவிய தேங்காய், மாம்பழக் கூழ் எவ்வளவு என்று. சாளை, அயிலை போன்ற கொழுப்புள்ள மீன்கள் இரண்டு மூன்று மாதத்துக்கு மேல் சுவை நிற்காது. உறைந்த நிலையிலும் கொழுப்பு மெல்லக் காறிப்போகும். கொழுப்புக் குறைந்த விளைமீன் போன்றவை ஆறு மாதம் வரை தாங்கும். ஆகவே சாளைக்காகப் பெரிய பெட்டி வாங்குவதில் பொருளில்லை.

தோராயமாக 28 லிட்டர் இடத்தில் 15 கிலோ அடங்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 100 லிட்டர் தாராளம். கடையில் 200, 300 லிட்டரைக் காட்டி "விலை கொஞ்சம்தானே கூடுதல்" என்பார்கள். பாதி காலியாக ஓடும் பெட்டி மின்சாரத்தையும் தின்னும், கரண்ட் போனால் குளிரையும் சீக்கிரம் இழக்கும். இன்னொன்று: விளம்பரத்தில் இருப்பது மொத்தக் கொள்ளளவாக இருக்கலாம். உள்ளே உண்மையில் பொருள் வைக்கும் அளவைக் கேட்டு வாங்குங்கள்.

2. படுத்த பெட்டியா, நின்ற பெட்டியா

மேலே மூடி திறக்கும் செஸ்ட் வகையையே நான் பரிந்துரைப்பேன். குளிர்ந்த காற்று கனமானது. மூடியைத் திறந்தாலும் பெரும்பகுதி உள்ளேயே தங்கும். அலமாரி போல் நிற்கும் வகையில் கதவைத் திறந்ததும் அது காலடியில் வழிந்து வெளியே போய்விடும். ஆனால் வீட்டில் வயதானவர்கள்தான் சமையல் என்றால் ஒரு முறை யோசியுங்கள். செஸ்ட் பெட்டியின் அடியிலிருந்து ஒரு பொட்டலம் எடுக்க நன்றாகக் குனிய வேண்டும். கடையிலேயே அவர்களைக் குனிந்து எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முதுகு வலிக்கும் என்றால் இழுப்பறைகள் உள்ள நின்ற வகைதான் சரி. அதற்காகும் கூடுதல் மின்சாரத்தைக் கணக்குப் பார்க்காதீர்கள்.

கண்ணாடி மூடி வேண்டாம். அது ஐஸ்கிரீம் கடையில் சரக்கைக் காட்டுவதற்காகச் செய்தது. வீட்டுக்குத் தடித்த மூடியுள்ள ஹார்டு டாப். பனி தானாகக் கரையும் ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகையும் நீண்டகாலச் சேமிப்புக்கு எனக்கு உடன்பாடில்லை. உள்ளே காற்றைச் சுழலவிட்டு, அவ்வப்போது குளிர்க்குழாயைச் சூடாக்கிப் பனியைக் கரைப்பதால், சரியாகக் கட்டாத மீன் ஓரங்களில் வெளுத்து உலர்ந்துபோகும்.

3. இரண்டு வகை நட்சத்திரங்கள்: இங்கேதான் நிதானம் வேண்டும்

பலர் சறுக்கும் இடம் இது. கடைக்குப் போனால் எல்லாரும் "ஐந்து நட்சத்திரமா?" என்று கேட்கிறார்கள். அந்த ஒட்டுத்தாள் பி.இ.இ. எனப்படும் எரிசக்தித் திறன் அமைப்பினுடையது. மின்சாரம் எவ்வளவு மிச்சமாகும் என்பதை மட்டுமே அது சொல்கிறது. எவ்வளவு குளிரும் என்பதைச் சொல்லாது.

குளிரைச் சொல்ல வேறொரு குறி உண்டு. பெட்டியின் உள்ளேயோ பின்பக்கத் தகட்டிலோ சிறு நட்சத்திர வடிவங்கள் அச்சிட்டிருக்கும். ஒன்று இருந்தால் மைனஸ் 6 டிகிரி, இரண்டு என்றால் மைனஸ் 12, மூன்று என்றால் மைனஸ் 18. மூன்று சிறியதும் ஒன்று பெரியதுமாக நான்கு இருந்தால், ஏற்கெனவே உறைந்ததை வைத்திருப்பதோடு புதிய மீனை உறையவைக்கும் வலிமையும் அதற்கு உண்டு என்று பொருள். நமக்கு வேண்டியது இந்த நான்குதான். மின்சாரத்தில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய பெட்டியில்கூட இந்தக் குறி குறைவாக இருக்கலாம்.

அடுத்து, அதே தகட்டிலோ கையேட்டிலோ "24 மணி நேரத்தில் இத்தனை கிலோ" என்று உறைதிறன் ஒன்று குறித்திருக்கும். என்னைக் கேட்டால் லிட்டரைவிட முக்கியமான எண் இதுவே. 5 கிலோ என்று போட்ட பெட்டியில் ஒரே நாளில் 20 கிலோ மீனைத் திணித்தால், புதிய மீன் மெதுவாக உறைவதோடு ஏற்கெனவே உறைந்திருப்பதும் இளகத் தொடங்கும். மெதுவாக உறையும்போது சதைக்குள் பெரிய பனிப் படிகங்கள் உருவாகித் திசுக்களைக் கிழிக்கின்றன. சமைக்க எடுத்து இளகவிடும்போது தண்ணீராக வடிவதும், குழம்பில் போட்டதும் உதிர்வதும் அதனால்தான். மீன்காரரைக் குற்றம் சொல்வோம். குற்றம் பெட்டியை நிரப்பிய விதத்தில் இருக்கும்.

தடைக்காலத்துக்கு முந்திய நாள் மொத்தமாக வாங்கி அடைக்கக் கூடாது என்று நான் எல்லாரிடமும் வற்புறுத்துவது இதற்காகத்தான். மார்ச் மாதம் முழுக்க, உறைதிறனுக்கு உட்பட்டு, வாரம் இரண்டு முறை வாங்கி அடுக்குங்கள்.

கூலர், ஃப்ரீசர் என்று இரண்டு நிலைக்கும் மாற்றும் சுவிட்ச் உள்ள பெட்டிகளும் உண்டு. வாங்கலாம், தவறில்லை. சுவிட்ச் ஃப்ரீசர் பக்கம் இருக்கிறதா என்று மட்டும் ஒவ்வொரு முறை சுத்தம் செய்த பிறகும் பாருங்கள். கூலர் நிலையில் அது வெறும் குளிர்பானப் பெட்டி.

4. நம் வெயிலுக்கு ஏற்றதா

தகட்டில் தட்பவெப்ப வகுப்பு என்று ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். "என்" என்றால் சுற்றுப்புறம் 32 டிகிரி வரை, "எஸ்டி" என்றால் 38 வரை, "டி" என்றால் 43 வரை. சித்திரை வெயிலில் சமையலறை எவ்வளவு கொதிக்கும் என்பது உங்களுக்கே தெரியும். "டி" இல்லாததை வாங்காதீர்கள்.

5. இடமும் வழியும்

அட்டைப்பெட்டியோடு சேர்த்த அளவைக் கேட்டு, வாசல், மாடிப்படித் திருப்பம், சமையலறைக் கதவு மூன்றையும் டேப்பால் அளந்துவிடுங்கள். செஸ்ட் வகைக்கு மூடி முழுதும் மேலே திறக்கும் உயரம் வேண்டும். நேர் மேலே அலமாரிப் பலகை இருந்தால் தினமும் தொல்லை. சுவரிலிருந்து குறைந்தது ஒரு சாண் தள்ளி வையுங்கள். கடலோர ஊர்களில் திறந்த பால்கனி வேண்டவே வேண்டாம், உப்புக் காற்று தகட்டைத் தின்றுவிடும்.

6. மின்சாரம்

எர்த் உள்ள தனி சாக்கெட். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகாதீர்கள். உங்கள் தெருவில் மின்னழுத்தம் ஏறி இறங்கும் என்றால் ஸ்டெபிலைசர் தேவை. கரண்ட் வந்ததும் மூன்று நிமிடம் போல் காத்திருந்து கொடுக்கும் வகையாகப் பாருங்கள். அந்த இடைவெளி கம்ப்ரஸருக்கு அவசியம்.

ஒட்டுத்தாளில் ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று இருக்கும். அதை ஆறால் வகுத்தால் நம் இரண்டு மாத பில்லில் கூடுவது தெரியும். 300 யூனிட் என்றால் பில்லுக்கு 50. கோடையில் இதைவிட ஏறும். உங்கள் பில் ஏற்கெனவே 500 யூனிட்டை ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள். அந்த எல்லையைத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுகளுக்கு மட்டுமல்ல, கீழ்ப்படிநிலை யூனிட்டுகளுக்கும் கட்டணம் ஏறிவிடும். அப்படி இருப்பவர்களுக்கு, தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்து மின்சாரத்தை மிச்சப்படுத்தும் இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் உள்ள பெட்டிக்குக் கொடுக்கும் கூடுதல் விலை வீண் போகாது.

7. முதல் நாள்

வண்டியில் சாய்த்துக் கொண்டுவந்திருந்தால் சில மணி நேரம் நிமிர்த்தி நிற்கவிட்டு, பிறகு சுவிட்சைப் போடுங்கள். காலியாக ஓடவிட்டு, உள்ளே ஒரு தெர்மாமீட்டரை வைத்து மைனஸ் 18 வந்ததும் பொருளை வையுங்கள். பெட்டியோடு வரும் திருகில் 1, 2, 3 என்றுதான் இருக்கும். அது டிகிரி இல்லை. தெர்மாமீட்டரைத் தனியே வாங்கிக்கொள்ளுங்கள்.

மீனைக் கழுவித் துடைத்து, ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாக, இரண்டு விரல் தடிமனுக்கு மேல் போகாமல் தட்டையாக, காற்றை அழுத்தி வெளியேற்றிக் கட்டுங்கள். செஸ்ட் வகையில் குளிர்க்குழாய்கள் சுவருக்குள் ஓடுவதால் புதிய பொட்டலங்கள் முதலில் சுவரைத் தொட்டபடி இருக்கட்டும். உறைந்த பிறகு நடுவுக்கு மாற்றலாம். ஒவ்வொன்றிலும் மீன் பெயரும் தேதியும் எழுதுங்கள்.

பிற்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

*வெளிப்பக்கச் சுவர் சுடுகிறது, பழுதா?* இல்லை. பல செஸ்ட் பெட்டிகளில் வெப்பத்தை வெளியேற்றும் குழாய் வெளித்தகட்டுக்கு உட்புறமாகவே ஓடுகிறது. துணி போட்டு மூடாதீர்கள்.

*மாதாந்திரப் பராமரிப்புக்குப் பகல் முழுக்க மின்தடை என்றால்?* நிறைந்த பெட்டி, திறக்காமல் விட்டால், ஏறத்தாழ 48 மணி நேரம் தாங்கும். பாதி நிறைந்தது 24 மணி நேரம். காலி இடத்தில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பிய பாட்டில்களை வையுங்கள்.

*ஊருக்குப் போயிருந்தபோது நீண்ட நேரம் கரண்ட் போனதா என்று எப்படித் தெரியும்?* ஒரு டம்ளர் தண்ணீரை உறையவைத்து, அதன்மேல் ஒரு நாணயத்தை வைத்து மேலடுக்கில் விட்டுச் செல்லுங்கள். திரும்பி வரும்போது நாணயம் பனிக்குள் அடியில் கிடந்தால் எல்லாம் ஒரு முறை இளகி மறுபடி உறைந்திருக்கிறது. அந்த மீனைக் கொட்டிவிடுங்கள், விலையைப் பார்க்காதீர்கள்.

*பனி கட்டிவிட்டது, கத்தியால் சுரண்டலாமா?* கூடவே கூடாது. குழாய் கிழிந்தால் வாயு வெளியேறிவிடும். இப்போதைய பெட்டிகள் பலவற்றில் உள்ள ஆர்600ஏ என்ற குளிரூட்டும் வாயு தீப்பற்றக்கூடியது. பிளக்கைப் பிடுங்கி, அடியிலுள்ள வடிகால் மூடியைத் திறந்து, தானாகக் கரையவிடுங்கள்.

*மூடிய உடனே மறுபடி திறக்க வரவில்லை.* உள்ளே புகுந்த வெப்பக் காற்று குளிர்ந்து சுருங்கி மூடியை உள்ளிழுத்துப் பிடிக்கிறது. ரப்பர் கேஸ்கெட் நன்றாக இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். ஓரிரு நிமிடம் பொறுத்தால் எளிதாகத் திறக்கும். பலம்கொண்ட மட்டும் இழுத்தால் கைப்பிடிதான் உடையும்.