களிமண்ணில் பல்லேடியம் ஏற்றுவது எப்படி? (கறுப்பைப் பார்த்து ஏமாந்தவனின் செய்முறை)

பிரித்தெடுத்து, கழுவி, அடுத்த வினைக்கும் போடக்கூடிய பல்லேடியம் வினையூக்கி வேண்டுமா? பல்லேடியத்தைச் சுமக்கும் தாங்கியாகச் சோடியம் மான்ட்மோரில்லோனைட் களிமண் போதும். கே10 என்று கிடைப்பது வேண்டாம். அமிலத்தில் ஊறவைத்துத் தயாரித்தது அது, அயனி மாற்றுத் திறனும் (தன்னிடம் உள்ள அயனியை விட்டு வேறொன்றைப் பிடிக்கும் திறன்) குறைவு. எடை போடுவது, ஃப்யூம் ஹுட்டில் வேலை செய்வது எல்லாம் உங்களுக்குப் பழக்கம் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

படி 1: களிமண்ணை ஊறவைத்தல்

50 மி.லி. நீரை வேகமாகக் கலக்கிக்கொண்டே 1 கிராம் களிமண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். தூளின் மேல் நீரை ஊற்றினால் கட்டி தட்டிவிடும், அப்புறம் எவ்வளவு கலக்கினாலும் உடையாது. ஓர் இரவு கலங்கட்டும்.

படி 2: பல்லேடியம் கரைசல்

நான் வழுக்கி விழுந்தது இங்கேதான். பல்லேடியம் குளோரைடு வெறும் நீரில் கரையாது, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரையும். அப்படியே கரைத்துக் களிமண்ணில் ஊற்றினேன், மேலேயே பல்லேடியம் அயனியை உலோகமாக்கும் போரோஹைட்ரைடும் போட்டேன். எல்லாம் கன்னங்கரேல் என்று ஆனது. முதல் வினை அருமையாக ஓடியது. இரண்டாவது முறை ஒன்றுமே நடக்கவில்லை. குடுவையின் சுவரைப் பார்த்தால் கண்ணாடி பூசியதுபோல் கறுப்புப் படலம்.

காரணம் எளிது. அமிலத்தில் பல்லேடியம் நான்கு குளோரைடுகளைச் சுமந்துகொண்டு எதிர்மின் அயனியாக நிற்கிறது. களிமண் அடுக்குகளுக்கும் எதிர்மின்சுமைதான். இரண்டும் எப்படி ஒட்டும்? பல்லேடியம் கரைசலிலேயே கறுப்புத் தூளாக இறங்கிக் களிமண்ணோடு வெறுமனே கலந்திருக்கிறது. ஹைட்ரோடால்சைட் என்ற இன்னோர் அடுக்குக் கனிமம் என்றால் கதை நேர் எதிர்: அதன் அடுக்குகளுக்கு நேர்மின்சுமை, இந்தக் குளோரைடு அயனி அங்கே ஒட்டும். ஆனால் அமிலம் மிஞ்சினால் ஹைட்ரோடால்சைட்டே கரைந்துவிடும்.

ஆகவே களிமண்ணுக்கு அம்மோனியா வழி. 33 மி.கி. பல்லேடியம் குளோரைடை 5 மி.லி. அடர் அம்மோனியாவில் போட்டு இளஞ்சூட்டில் கலக்குங்கள். நடுவில் ரோஸ் நிற வீழ்படிவு தெரிந்தால் பயப்பட வேண்டாம், மேலும் கலக்கக் கரைந்து நிறமற்ற கரைசல் கிடைக்கும். பல்லேடியம் இப்போது நான்கு அம்மோனியாவோடு நேர்மின் அயனி. நெடி நன்றாகக் குறையும்வரை சூட்டிலேயே வையுங்கள், மிச்ச அம்மோனியம் களிமண்ணில் இடத்துக்குப் போட்டி போடும். பிறகு 20 மி.லி. ஆக நீர்த்துச் சொட்டுச் சொட்டாகக் களிமண்ணில் விடுங்கள். ஓர் இரவு கலக்கல்.

33 மி.கி.யில் உள்ள பல்லேடியம் ஏறத்தாழ 20 மி.கி., அதாவது 2 சதவீத ஏற்றம். களிமண்ணின் அயனி மாற்றுத் திறனில் பாதிகூட இதற்குச் செலவாகாது.

ஏறியதா என்று நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. மேல்நீரைக் கொஞ்சம் தனியே எடுத்து, ஒரு சிட்டிகை சோடியம் போரோஹைட்ரைடு போடுங்கள். கறுத்தால் பல்லேடியம் இன்னும் வெளியேதான் இருக்கிறது.

பிரிக்க வடிதாள் வேண்டவே வேண்டாம். ஊறிய களிமண் அதை அடைத்துக்கொண்டு உங்கள் ஒரு நாளைத் தின்றுவிடும். சென்ட்ரிஃபியூஜ்தான் ஒரே வழி என்பேன். குளோரைடு போகும்வரை நீரில் கழுவுங்கள்.

(பிற்சேர்க்கை: ஒரு வாசகர் முதல் கழுவலிலேயே வெள்ளி நைட்ரேட் சோதனையில் குளோரைடு இல்லை என்று வந்ததாக எழுதினார். அம்மோனியா வெள்ளிக் குளோரைடைக் கரைத்துவிடும், அதனால்தான். கழுவுநீரில் முதலில் நீர்த்த நைட்ரிக் அமிலம் விட்டு அமிலமாக்கி, பிறகு சோதியுங்கள். அம்மோனியா கலந்த வெள்ளிக் கரைசலைச் சேர்த்து வைக்காதீர்கள், நாளடைவில் வெடிக்கும் படிவு உண்டாகலாம்.)

படி 3: ஒடுக்கம்

கழுவிய களிமண்ணை நீரில் கலக்கி, பனிக்கட்டியில் குளிரவைத்து, புதிதாகக் கரைத்த போரோஹைட்ரைடைச் சிறிது சிறிதாக விடுங்கள். ஹைட்ரஜன் வரும், மூடி போடாதீர்கள். வெளிர் களிமண் சாம்பலாகிக் கறுக்கும். கழுவி 60 டிகிரியில் உலர்த்துங்கள். உலர்ந்த தூளில் மெத்தனால் ஊற்றாதீர்கள், தீப்பற்றலாம்.

படி 4: வினை

2010-இல் ஹெக், நெகிஷி, சுசுகி மூவருக்கும் நோபல் வாங்கித் தந்த, இரு கார்பன் துண்டுகளைப் பல்லேடியத்தால் ஒட்டும் இணைப்பு வினைகளில் சுசுகியுடையதே பழக எளிது. 4-புரோமோஅனிசோல் 187 மி.கி., ஃபீனைல்போரானிக் அமிலம் 146 மி.கி., பொட்டாசியம் கார்பனேட் 276 மி.கி., எத்தனாலும் நீரும் சம அளவில் 5 மி.லி., நம் தூள் 27 மி.கி. (0.5 மோல் சதவீதம்). 75 டிகிரி. வினை எவ்வளவு தூரம் போனது என்று டிஎல்சி (மெல்லடுக்குப் பிரிகை) தகட்டில் பார்த்துக்கொண்டே இருங்கள்.

படி 5: மீட்டெடுத்தல்

எத்தில் அசிடேட் சேர்த்துச் சென்ட்ரிஃபியூஜில் சுற்றினால் தூள் அடியில் தங்கும். நீரிலும் எத்தனாலிலும் கழுவுங்கள். நீரை விட்டுவிட்டால் கார்பனேட் உப்பு ஒட்டிக்கொண்டு தூளின் எடை கூடியதுபோல் காட்டும்.

ஒவ்வொரு சுற்றையும் முழுதாக முடியவிட்டு 'ஐந்து சுற்றும் 95 சதவீதம்' என்று எழுதுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வினையூக்கி பாதி செத்திருந்தாலும் நேரம் கொடுத்தால் அந்த எண் வந்துவிடும். பாதி வினையில் நிறுத்தி ஒப்பிடுங்கள்.

உலோகம் கசிகிறதா என்று பார்க்கவும் பாதி வினையில்தான் வடிகட்ட வேண்டும், அதுவும் சூடாக, முன்பே சூடாக்கிய சிரிஞ்சு வடிகட்டியில். ஆறவிட்டால் கசிந்த பல்லேடியம் திரும்பக் களிமண்ணிலேயே படிந்து, கசிவே இல்லாததுபோல் காட்டும். வடிநீரைத் தொடர்ந்து சூடாக்குங்கள். வினை மேலே போகிறது என்றால் வேலை செய்வது கரைந்த பல்லேடியம்.

(இரண்டாம் பிற்சேர்க்கை: வினையூக்கியே போடாத குடுவையிலும் விளைபொருள் வருகிறது என்றார் ஒருவர். பழைய காந்தக் கலக்கித் துண்டு! என்னுடையதை லென்சில் பார்த்தேன், கீறல்களுக்குள் கறுப்பு. சோதனை வினைகளுக்குப் புதுத் துண்டு எடுங்கள்.)