தோட்டக் கந்தோரில் பெக்ஸை மெயிலுக்குக் கொண்டுவந்த கதை

தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டக் கந்தோர். கொழும்பு புரோக்கரின் பெக்ஸ் தாளைத் தூக்கிக்கொண்டு துரையைத் தேடி ஓடுவதே தனி வேலை. வரும் பெக்ஸ் நேரே துரையின் மெயிலுக்குப் போகட்டும் என்று, பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு, டெலிபோன் லைனோடு இணைக்கும் சீரியல் மோடம் மாட்டி, பெக்ஸை வாங்கும் ஹைலாஃபேக்ஸ் மென்பொருளை நிறுவினேன். பெக்ஸ் வந்தது, மெயில் வரவில்லை.

"தம்பி, பழைய மெஷினே நல்லா இருந்திச்சே," என்றார் பெரிய கிளாக்கர்.

இரண்டு நாள் மோடத்தையே சந்தேகித்தேன். வீண். மெயில் போக்குவரத்தைப் பதியும் லாக் கோப்பைப் பார்த்த பிறகுதான் விளங்கியது: அனுப்புநர் முகவரியில் வெளியில் செல்லாத கம்ப்யூட்டரின் உள்பெயர் இருந்ததால் வெளி சர்வர் ஏற்கவில்லை. மெயில் அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ் மென்பொருளில் அதைக் கந்தோரின் உண்மையான முகவரியாக மாற்றி, பாஸ்வேர்டோடு மெயில் ஒப்படைப்பதற்கான 587ஆம் போர்ட் வழியாக அனுப்பினேன். உடனே போனது.

மெயிலோடு வந்த பெக்ஸ் டிஃப் (TIFF) படக் கோப்பாக இருந்ததால் துரையின் போனில் முதல் பக்கம் மட்டுமே தெரிந்தது. வந்த பெக்ஸை யாருக்கு, எப்படி அனுப்புவது என்று சொல்லும் ஹைலாஃபேக்ஸின் ஃபேக்ஸ்டிஸ்பாட்ச் கோப்பில் ஒரு வரி சேர்த்ததும் பிடிஎஃப் ஆனது.

மழை பெய்தால் லைனில் ஒரே இரைச்சல், பாதிப் பக்கம்தான் வரும். மோடத்தின் வேகத்தை விநாடிக்கு 14400 பிட்டிலிருந்து 9600க்கு இறக்கி, பிழைதிருத்தத்தை இயக்கினேன். இடி முழங்கினால் கிளாக்கர் ஐயா மோடம் வயரைக் கழற்றிவிடுவார், நல்லதுதான். திரும்ப மாட்டத்தான் மறந்துவிடுகிறார்.