காதுக் குறும்பியை யார் எடுக்கணும், எப்படி எடுக்கணும்

தலைக்குக் குளித்துவிட்டு வந்ததும் ஒரு காது படக்கென்று அடைத்துக்கொள்ளும். தண்ணீர் போய்விட்டது என்று தலையைச் சாய்த்துக் குதிப்போம், ஒன்றும் வராது. பெரும்பாலும் ஏற்கெனவே உள்ளே இருந்த குறும்பி தண்ணீரில் ஊறி உப்பி, மிச்சமிருந்த இடைவெளியையும் மூடியிருக்கும். உடனே கை பட்ஸுக்குப் போகும், அது இல்லாத வீட்டில் ஊக்கு, தீக்குச்சி, கோழி இறகு, வண்டிச் சாவி.

குறும்பி அழுக்கு இல்லை, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். காதுக்குழாய் பெரியவர்களுக்குச் சுமார் 2.5 செ.மீ. நீளம், அதில் வெளிப்பக்கத்து மூன்றில் ஒரு பங்கில்தான் குறும்பி சுரக்கிறது. தூசியைப் பிடித்து வைக்கும், தோல் வறண்டு அரிக்காமல் காக்கும், லேசான அமிலத்தன்மை இருப்பதால் பூஞ்சையை எளிதில் வளரவிடாது. குழாயின் தோல் உள்ளிருந்து வெளியே மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது, நாம் மெல்லும்போது தாடையும் அசைகிறது, குறும்பி தானாக வெளியே வந்துவிடும். பட்ஸ் நுனியில் மஞ்சளாக ஒட்டியதைப் பார்த்துத் திருப்திப்படுகிறோம், ஆனால் மீதியைச் செவிப்பறை வரைக்கும் தள்ளிவிட்டிருப்போம்.

அதனால் தொந்தரவு இல்லையென்றால் எடுக்கவே வேண்டாம். அடைப்பு, மந்தம், இரைச்சல், அரிப்பு இருந்தால் காட்டுங்கள். சிலருக்குக் காரணமே இல்லாமல் வறட்டு இருமல்கூட வரும், ஏனென்றால் குழாயின் தோலுக்கு வருகிற ஒரு நரம்பு தொண்டைக்கும் போகிற நரம்பின் கிளை. காது மெஷின் வைத்திருப்பவர்கள், சிப்காட் பக்கம் ஆலையில் நாளெல்லாம் காதடைப்பான் போட்டு வேலை செய்கிறவர்கள், எப்போதும் இயர்போனும் கையுமாக இருக்கிறவர்கள், குறும்பி காய்ந்து கெட்டியாகிவிட்ட வயதானவர்கள் எல்லாம் அவ்வப்போது பார்த்துக்கொள்வது நல்லது.

“எண்ணெயக் காயவெச்சு ரெண்டு சொட்டு ஊத்துடா” என்று எங்க ஆயா சொல்லும். பாதி சரி. எண்ணெய் குறும்பியை இளக்கும், ஆனால் காய்ச்சவும் வேண்டாம், பூண்டு போட்டுத் தாளிக்கவும் வேண்டாம், காதுக்குள் தோல் வெந்துவிடும். ஆலிவ் எண்ணெயோ மெடிக்கலில் கிடைக்கிற குறும்பி இளக்கும் சொட்டு மருந்தோ போதும். ஒருக்களித்துப் படுத்து இரண்டு மூன்று சொட்டு, ஐந்து நிமிடம் அப்படியே கிடக்கணும், தினமும் இரண்டு வேளை, மூன்று முதல் ஐந்து நாள். நடுவில் அடைப்பு இன்னும் கூடின மாதிரி இருக்கும், பயப்பட வேண்டாம், ஊறி உப்புகிறது. ஆனால் காதில் வலி, சீழ், செவிப்பறையில் ஓட்டை, முன்பு ஆபரேஷன் என்று ஏதாவது இருந்தால் ஒரு சொட்டும் விடாதீர்கள். காதில் மெழுகுவத்தி கொளுத்துவது, சந்தையில் ஒரே கம்பியை ஊரார் காதுக்கெல்லாம் விடுகிறவரிடம் உட்காருவது, இரண்டும் வேண்டவே வேண்டாம்.

வேலூர் என்றாலே சி.எம்.சி. என்று போய் வரிசையில் நிற்பது நம் வழக்கம். குறும்பிக்கு அவ்வளவு தூரம் மெனக்கெட வேண்டியதில்லை, பக்கத்தில் இருக்கிற காது மூக்கு தொண்டை டாக்டர் போதும், அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் போகலாம். உட்கார்ந்ததும் சர்க்கரை நோய், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, முன்பு சீழ் வந்தது, ஒரு காதுதான் கேட்கும் என்பது, இதையெல்லாம் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். சர்க்கரைக்காரர்களுக்குக் காதில் ஒரு சின்னக் கீறல்கூடப் பெரிய தொற்றாகலாம்.

முதலில் லைட் வைத்துப் பார்க்கணும். பார்க்காமலே சிரிஞ்சை எடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். தண்ணீர் அடிப்பதாக இருந்தால் அது உடல் சூட்டில், 37 டிகிரியை ஒட்டி இருக்கணும், குளிர்ந்தால் தலை கிறுகிறுவென்று சுற்றும். காது மடலை மேலேயும் பின்னாலேயும் இழுத்துப் பிடித்து, குழாயின் மேல்சுவரைப் பார்த்துப் பீய்ச்சுவார்கள், தண்ணீர் குறும்பிக்குப் பின்னால் போய்த் திரும்பும்போது அதையும் தள்ளிக்கொண்டு வரும். காதுக்குக் கீழே பிடித்திருக்கும் தட்டில் புளியங்கொட்டை நிறத்தில் ஒரு கட்டி ‘டக்’கென்று விழும், உள்ளே இதுவா இருந்தது என்று எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள்! செவிப்பறையில் ஓட்டை இருந்தால் தண்ணீர் கூடாது, உறிஞ்சும் குழாயோ கொக்கியோதான். உறிஞ்சும் சத்தம் காதுக்குள் பெரிதாகக் கேட்கும், அவ்வளவுதான். தலையை மட்டும் அசைக்காதீர்கள், வலித்தால் உடனே சொல்லுங்கள், பொறுத்துக்கொண்டு பேர் வாங்க வேண்டாம்.

எடுத்த பிறகு ஓரிரு நாள் குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சை வெளியே வைத்துக்கொண்டால் போதும். குறும்பி போயும் கேட்கவில்லையென்றால் கேட்கும் திறன் சோதனை செய்யச் சொல்லுங்கள். ஒரு காது திடீரென்று செத்துப்போன மாதிரி கேட்காமல் போனால், சொட்டு மருந்து விட்டு ஒரு வாரம் பார்ப்போம் என்று உட்காராதீர்கள், அது நரம்பு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம், முதல் சில நாளிலேயே மருந்து ஆரம்பித்தால்தான் திரும்ப வாய்ப்பு அதிகம்.

குழந்தைகள் விஷயம் தனி. மொச்சையோ கடலையோ காதில் போட்டுக்கொண்டால் தண்ணீர் விடாதீர்கள், ஊறி இறுகிவிடும். பொம்மையிலிருந்து கழன்ற பட்டன் பேட்டரி என்றால் சில மணி நேரத்திலேயே உள்ளே அரித்துவிடும், எண்ணெயும் கிடையாது தண்ணீரும் கிடையாது, ராத்திரியானாலும் அப்படியே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.