அவிசாவளைக்கு அப்பால்: கிறவல் சைக்கிள் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் 60 கிலோமீற்றரை மூன்று மணித்தியாலத்துக்குள் ஓடி முடிக்கிறவர்கள் ஏராளம். அதே 60 கிலோமீற்றரை எட்டியாந்தோட்டைக்கும் கினிகத்தேனைக்கும் இடைப்பட்ட தோட்டப் பாதைகளுக்குத் திட்டமிடும்போது முதல் தவறு நடக்கிறது. களனிப் பள்ளத்தாக்கில் கிலோமீற்றர் பெரிதாக ஒன்றையும் சொல்லாது. எவ்வளவு உயரம் ஏறுகிறோம், மழை எத்தனை மணிக்கு இறங்கும் என்பவைதான் கணக்கு. மலையில் நேரும் சிக்கல்களில் பெரும்பகுதி வீட்டிலிருந்து புறப்படும் முன்பே முடிவாகிவிடுகிறது.

நேரத்தைக் கணக்கிட ஓர் எளிய வழி இருக்கிறது. கிறவல் (சரளைக்கல்) பாதையில் மணிக்கு 15 கிலோமீற்றர் என்று வைத்துக்கொண்டு, ஏறும் ஒவ்வொரு 100 மீற்றருக்கும் 10 நிமிடம் சேருங்கள். 60 கிலோமீற்றரில் 1,400 மீற்றர் ஏற்றம் என்றால் நாலு மணித்தியாலமும் இரண்டு மணி இருபது நிமிடமும் ஆகும். தேநீருக்கும் பஞ்சருக்கும் இன்னும் ஒரு மணித்தியாலம். அவிசாவளையில் காலை 9 மணிக்கு ஏறினால் மாலை 4.20. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும், அந்த நேரம் நீங்கள் மேட்டில் நிற்பீர்கள். சைக்கிளை முதல்நாளே அவிசாவளைக்கோ கித்துல்கலைக்கோ கொண்டுபோய், காலை 6 மணிக்கு மிதிக்கத் தொடங்குங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை இந்தப் பக்கத்தில் நேரே வந்து மோதும். அந்த மாதங்களில் நீளமான பாதையை வைத்துக்கொள்ளாமல் இருப்பதே நல்லது.

இணையத்தில் யாரோ பதிவேற்றிய ஜிபிஎஸ் வழித்தடக் கோப்பை அப்படியே நம்பிப் போவது அடுத்த தவறு. 2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டில் எத்தனையோ பாதைகளைக் கொண்டுபோய்விட்டது. அதற்கு முன் பதிவான கோட்டைப் பிடித்துப் போனால், வளைவுக்கு அப்பால் பாதையே இல்லாமலிருக்கலாம். வரைபடத்தில் மெல்லிய கோடாகத் தெரிவது சிலவேளை தேயிலை மலைக்குள் கொழுந்து பறிப்பவர்கள் ஏறும் படிக்கட்டாகவோ வெறும் மழைநீர்க் கானாகவோ இருக்கும். புறப்படும் முன்தினம் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். மஞ்சள் முதல் கட்டம், செம்மஞ்சள் இரண்டாவது, சிவப்பு மூன்றாவது. நீங்கள் போகும் பிரதேச செயலகப் பிரிவின் பெயர் செம்மஞ்சளில் இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். மஞ்சளாக இருந்தாலும் வெட்டிய மண் சுவரின் அடியில் நின்று இளைப்பாற வேண்டாம்.

பள்ளத்தாக்குக்குள் போனதும் கைபேசியில் சிக்னல் அறுந்துவிடும். வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டு, எந்த வழியால் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

தோட்டப் பாதை பொதுவீதி அல்ல. வாயிலில் காவலாளி இருந்தால் இறங்கி, எங்கே போகிறீர்கள் என்று சொல்லிக் கேளுங்கள். ஐயா, அண்ணே, அக்கா என்று தமிழில் பேசினாலே பல இடங்களில் வழி தானாகத் திறக்கும். எந்தப் பாலம் உடைந்திருக்கிறது, எந்த இறக்கத்தில் டிராக்டர் சறுக்கியது என்பது லயத்து மக்களுக்குத் தெரிந்த அளவு எந்தச் செயலிக்கும் தெரியாது. கொழுந்து நிறுக்கும் நேரத்தில் லொறியும் டிராக்டரும் அந்த ஒற்றைப் பாதையில்தான் வரும், குருட்டு வளைவில் இடப்பக்கம் ஒட்டி மணி அடித்துக்கொண்டு போங்கள். சிங்கராஜ மழைக்காட்டுக்குள் சைக்கிளில் போகலாம் என்று கிளம்புகிறவர்களும் இருக்கிறார்கள். அங்கே அனுமதிச்சீட்டு எடுத்து, வழிகாட்டியோடு நடந்துதான் போக வேண்டும். வனத் திணைக்களத்துக்குரிய எந்தக் காட்டுக்கும் இதைப் போல முதலில் விசாரித்துவிட்டே போங்கள். லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்கள் கொழும்புக்குக் குடிநீர் தருபவை. அவற்றைச் சுற்றிய காட்டுக்குள் அனுமதியின்றி நுழையக் கூடாது.

டயரில்தான் அதிகம் பிழைவிடுகிறோம்

நகரத்தில் டயரைக் கல்லுப்போல இறுக்கி ஓடிப் பழகியவர்கள் மலையிலும் 60 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) அடித்துக்கொண்டு வருகிறார்கள். பழைய தோட்டப் பாதைகளில் உடைத்த கருங்கல்லை நிறுத்தி அடுக்கியிருப்பார்கள். மண் கழுவுப்பட்டுப் போனதால் கல்லின் கூர்முனை மேலே நிற்கும். இறுகிய டயர் ஒவ்வொரு கல்லிலும் துள்ளும், நிலத்தைத் தொடும் நேரம் குறையும், பிரேக்கும் பிடிக்காது. கையும் தோளும் ஒரு மணித்தியாலத்தில் சோர்ந்துவிடும். மிகவும் இளக்கினாலும் ஆபத்து. கல் டயரை நெரித்து ரிம்மில் அடிக்க, டியூபில் பாம்பு கொத்தியதுபோல இரண்டு ஓட்டைகள் பக்கம் பக்கமாக விழும்.

70 கிலோ எடையுள்ளவருக்கு, 40 மில்லிமீற்றர் டியூப்லெஸ் (உள்ளே டியூப் இல்லாத) டயரில் முன்னே 28, பின்னே 31 பிஎஸ்ஐ நல்ல தொடக்கம். டியூப் போட்டிருந்தால் 38 முதல் 42 வரை வையுங்கள். எடை 10 கிலோ கூடினால் 2 அல்லது 3 பிஎஸ்ஐ சேருங்கள். 35 மில்லிமீற்றருக்குக் குறைந்த டயரை இந்தக் கல்லுக்குக் கொண்டுவர வேண்டாம். ஓட்டையை அடைக்க டயருக்குள் ஊற்றும் டியூப்லெஸ் திரவம் நம் வெப்பத்தில் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும். சக்கரத்தைக் காதருகே பிடித்து ஆட்டிப் பாருங்கள், சலசலப்புக் கேட்காவிட்டால் 60 முதல் 90 மில்லிலீற்றர் புதிதாக ஊற்ற வேண்டும்.

பம்பு பற்றி ஒன்று. பெற்றோல் செட்டில் காற்று அடிக்கலாம் என்று நம்பி வருகிறவர்களின் டயரில் மெல்லிய பிரெஸ்டா வால்வு இருக்கும். அங்குள்ள குழாய் வாய் அதில் பொருந்தாது. ஒரு சிறிய இணைப்பான் இருந்தால் போதும், வால்வின் நுனியிலுள்ள சிறு திருகை இளக்கிவிட்டு அதை மேலே திருகினால் வேலை முடிந்தது. பையில் அதோடு கைப்பம்பு, டியூப் இரண்டு, டயர் கழற்றி, டியூப்லெஸ் அடைப்புத் திரி, செயின் இணைப்பு, செயின் கழற்றி, உங்கள் சட்டகத்துக்குரிய கியர் ஹேங்கர் (பின் கியரைச் சட்டகத்தோடு பிணைக்கும் சிறு துண்டு) ஆகியவை இருக்க வேண்டும். ஹேங்கர் ஒவ்வொரு மாதிரிக்கும் வேறு வேறு. அவிசாவளையில் எந்தக் கடையிலும் உங்களுடையது கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அது வளைந்தால் பின் கியர் ஆரைக்குள் போய்ச் சக்கரத்தையே நிறுத்திவிடும். பழைய டயரிலிருந்து உள்ளங்கையளவு துண்டு ஒன்றையும் வெட்டி வையுங்கள். பக்கச் சுவர் கிழிந்தால் உள்ளே வைத்து ஓட அதுதான் கைகொடுக்கும்.

கியர் விடயத்தில் கொழும்புக் கடைகள் விற்கும் பல கிறவல் சைக்கிள்கள் நம் மலைக்குக் கனமானவை. முன் பற்சக்கரத்தில் 40 பல், பின்னே அதிகபட்சம் 42 பல் என்றால், மணிக்கு 6 கிலோமீற்றர் வேகத்தில் நிமிடத்துக்கு 48 சுற்றுத்தான் மிதிக்க முடியும். 10 பாகைச் சரிவல்ல, 10 சதவீதச் சரிவில்கூட அது முழங்காலை உடைக்கும். முன் பல்லை 32 ஆக மாற்றினால் அதே வேகத்தில் 60 சுற்று வரும். சமதரையில் உச்ச வேகம் கொஞ்சம் குறையும், மலைக்குப் போகிறவருக்கு அது நட்டமே இல்லை.

இறக்கமும் சேறும்

அவிசாவளை கடல்மட்டத்திலிருந்து நூறு மீற்றர்கூட இல்லை, ஹட்டன் 1,200 மீற்றருக்கு மேல். ஏறிய உயரமெல்லாம் திரும்பி இறங்க வேண்டியதுதான். பலர் பிரேக்கை மெல்ல அழுத்திப் பிடித்தபடியே முழு இறக்கத்தையும் இறங்குகிறார்கள். டிஸ்க் பிரேக் என்றால் தட்டுச் சூடேறிப் பிடிமானம் குறையும். ரிம் பிரேக் என்றால் சூட்டில் டியூபே வெடிக்கலாம். வளைவுக்கு முன்னே அழுத்திப் பிடித்து வேகத்தை இறக்கி, பின் முழுதாக விட்டுவிடுங்கள். விடும் அந்தச் சில விநாடியில்தான் டிஸ்க் ஆறும். ரெசினால் செய்த பிரேக் பேட் மழையிலும் மணலிலும் ஒரே நாளில் தேய்ந்துபோகலாம். ஈரப் பாதைக்கு உலோகப் பேட் நல்லது, உங்கள் டிஸ்க் அதை ஏற்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். தேயும் பகுதி 0.5 மில்லிமீற்றருக்கு வந்தால் மாற்றியே ஆக வேண்டும்.

செம்மண் காய்ந்திருக்கும்போது பட்டுப்போல ஓடும். நனைந்தால் டயருக்கும் சட்டகத்துக்கும் இடையில் அப்பிச் சக்கரத்தைப் பூட்டிவிடும். அப்போது பலமாக மிதித்தால் ஹேங்கர்தான் உடையும். இறங்கி ஒரு குச்சியால் சுரண்டி எடுங்கள். அதைவிட மோசமானது நிழலில் பாசி பிடித்த கொங்கிரீட் வீதி. அதில் திருப்பவும் கூடாது, பிரேக் பிடிக்கவும் கூடாது. முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து நேராகக் கடந்துவிடுங்கள். ஜனவரி கடைசியிலும் பெப்ரவரியிலும் இறப்பர் மரங்கள் இலை உதிர்க்கும், அந்தச் சருகின் அடியில் வேரும் கல்லும் மறைந்திருக்கும்.

ஆற்றைக் கடக்கும்போது வானத்தை மட்டும் பார்த்துத் துணியாதீர்கள். களனி கங்கையின் மேற்பகுதியில் நோட்டன்பிரிட்ஜ், லக்ஷபான போன்ற மின்னுற்பத்தி அணைகள் இருக்கின்றன. மழையே இல்லாத நாளிலும் தண்ணீர் திறந்துவிட்டால் கீழே ஆறு சட்டென்று உயரும். அணைக்குக் கீழே மணல்திட்டில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் குளிப்பது அதனால்தான் ஆபத்து. தாம்போதியில் தண்ணீர் முழங்காலைத் தாண்டினாலோ அடித்தரை தெரியாவிட்டாலோ திரும்பிவிடுங்கள். இறங்கித் தள்ளும்போது சைக்கிள், நீரோட்டம் போகும் திசைப்பக்கம் இருக்கட்டும். எதிர்ப்பக்கம் வைத்தால் வெள்ளம் அதை உங்கள்மேல் தள்ளும்.

உடம்பைப் பொறுத்தவரை, மணிக்கு அரை லீற்றருக்குக் குறையாமல் தண்ணீர், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஜீவனி (உப்புச் சர்க்கரைக் கரைசல்). பசி வரும்வரை காத்திருக்காமல் முதல் மணித்தியாலத்திலேயே ஒரு வாழைப்பழமாவது சாப்பிடுங்கள். அட்டைக்கு அட்டைக் காலுறை போதும், கடித்தால் பிய்த்து இழுக்காமல் நகத்தால் வாய்ப்பக்கத்தை நெம்பி எடுங்கள். நாய் கடித்தால் காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரச ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விழுந்து எலும்பு முறிந்தால் 1990 அம்புலன்ஸ்.

திரும்பி வந்ததும் அதிவேக நீரால் சைக்கிளைக் கழுவுவது பலரின் வழக்கம். அது பேரிங்குகளுக்குள் மணலையும் நீரையும் தள்ளிவிடும். வாளியும் தூரிகையும் போதும். இருக்கைத் தண்டைக் கழற்றி சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சட்டகத்துக்குள் நின்ற நீரை வடியவிடுங்கள். செயினைத் துடைத்துக் காயவைத்த பிறகே எண்ணெய். அடுத்த மூன்று நாலு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் சேற்றிலும் ஆற்று நீரிலும் நின்றதை முதலிலேயே சொல்லுங்கள். களனி, களு கங்கைப் பள்ளத்தாக்குகளில் எலிக்காய்ச்சல் இருக்கிறது, சாதாரணக் காய்ச்சல் என்று பனடோலோடு இருந்துவிட்டால் சிறுநீரகம்வரை போகும்.