வரைந்த படத்தைக் கறுப்பு வெள்ளையில் ஒருமுறை பாருங்கள்

வரைந்த படத்தையோ போஸ்டரையோ பிறரிடம் காட்டும் முன், போனில் ஒரு போட்டோ எடுத்துக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் பாருங்கள். சொல்ல வந்தது அதிலும் தெரிந்தால் சரி. உருவங்களைக் கண் பிரித்தறிவது பெரும்பாலும் வெளிச்சம், இருட்டு வித்தியாசத்தை வைத்துத்தான். பச்சை இலைகளுக்கு நடுவே பளிச்சென்று நிற்கும் சிவப்புப் பூ, இரண்டும் ஒரே அடர்த்தி என்றால், சாம்பல் நிறத்தில் காணாமல் போய்விடும். அப்புறம் என்ன, இலையைக் கொஞ்சம் இருட்டாக்கினால் போதும். முழுப் படத்தையும் திரும்ப வரைய வேண்டாம்.

நிறத்தை மட்டுமே நம்பிப் பேசும் படத்துக்கு இது ஒத்துவராது. பிரெஞ்சு ஓவியர் மோனே 1872-இல் வரைந்த சூரிய உதய ஓவியத்தை இப்படி மாற்றினால், அந்த ஆரஞ்சுச் சூரியனே கிட்டத்தட்ட வானத்தோடு கரைந்துவிடும்.