பூசான் துவேஜி குக்பாப்: ருசியைக் கெடுக்கும் தவறுகள்

தென் கொரியாவின் பூசான் நகருக்குப் புதிதாக வருகிறவர்களை நான் முதலில் கூட்டிப்போவது சொம்யோன் சந்தைப் பக்கத்துக் குக்பாப் சந்துக்குத்தான். துவேஜி குக்பாப் என்றால் பன்றி எலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவிட்டு எடுத்த சாறு, அதில் மெல்லிய இறைச்சித் துண்டுகள், கூடவே சோறு. 1950-53 கொரியப் போரில் அகதிகள் வந்து குவிந்த காலத்தோடு சேர்த்துத்தான் ஊரில் இந்தச் சூப்பைப் பற்றிப் பேசுவார்கள். ஸ்பூன் பிடிப்பதெல்லாம் பக்கத்து மேசையைப் பார்த்தாலே வந்துவிடும். மற்றவைதான் பாடாய்ப் படுத்துகின்றன.

கொதிக்கும்போதே உப்புப் பார்ப்பது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. பல கடைகளில் சாற்றுக்கு உப்பு குறைவாகவே போடுவார்கள். உப்புக்கென்று சேவுஜொத் தனியாக வரும்: உப்பில் ஊறிய, கண் மட்டும் கருப்பாகத் தெரியும் பொடி இறால். சமீபத்தில் வந்த நண்பர் ஒரு வாய் குடித்தார், "சப்புன்னு இருக்கே" என்றார், நான் கை நீட்டுவதற்குள் இறாலைத் தட்டோடு சட்டியில் கவிழ்த்துவிட்டார். மண்சட்டி இன்னும் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. அந்தச் சூட்டில் நாக்குக்கு உப்பு சரியாகத் தெரியாது. ஆற ஆறத்தான் ஏறும். போதாக்குறைக்கு, அடியில் கிடந்த ததேகி என்ற மிளகாய் விழுதிலும் உப்பு, மேலே போட்ட புச்சு என்ற வெங்காயத்தாள் வகைத் தழையிலும் உப்பு, கடித்துக்கொள்ளும் முள்ளங்கிக் கிம்ச்சியிலும் உப்பு. பாதிச் சட்டியில் அவரால் சாப்பிட முடியவில்லை. கடைக்கார அம்மா கூடுதல் சாறு ஊற்றினார். உப்பு குறைந்தது, ஆனால் ததேகியும் தழையும் கலங்கிப்போய் அந்த எலும்புச் சாற்றின் தனி ருசி போயே போய்விட்டது. அவ்வளவு நேரம் அடுப்பில் நின்ற உழைப்பு அது!

ஆகவே முதலில் ததேகியைக் கரண்டியால் ஓரமாக ஒதுக்குங்கள். வெறும் சாற்றைக் குடித்துப் பாருங்கள். சூடு கொஞ்சம் தணியட்டும். அப்புறம் புச்சு, அப்புறம் நாலைந்து இறால், மறுபடி ருசி. மீதி இறாலை இறைச்சித் துண்டின் மேல் வைத்துச் சாப்பிடுங்கள், அருமையாக இருக்கும்.

சோற்றை மொத்தமாகக் கொட்டுவது

சில கடைகளில் சோறு சட்டிக்குள்ளேயே வரும். ஆறிய சோற்றின் மேல் கொதிசாற்றை ஊற்றி வடித்து, திரும்பத் திரும்பச் சூடேற்றியிருப்பார்கள், பருக்கை குழையாது. சோறு தனிக் கிண்ணத்தில் வந்தால் பாதிப் பாதியாகப் போடுங்கள். மொத்தமும் போட்டால் சாற்றைக் குடித்துவிட்டுக் கஞ்சியாகிவிடும்.

சோம்யோன் நூடுல்ஸைக் கடைசிக்கு வைப்பது

கூடவே வரும் இந்த மெல்லிய கோதுமை நூடுல்ஸ் ஒட்டிக்கொள்ளும். முதலில் போடுங்கள்.