எஃபெக்ட்டை அப்புறம் பார்க்கலாம், முதலில் ஆடியோ: எடிட்டிங் பழகுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீடியோ எடிட்டிங் பழக ஆரம்பிக்கும் பலர் முதலில் மாட்டிக்கொள்வது எந்த சாஃப்ட்வேர் நல்லது என்ற கேள்வியில்தான். ஒன்றை இறக்கி, கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்து, பிடிபடவில்லை என்று அடுத்ததற்குத் தாவி, அதிலும் அதே கதை என்று நாள் ஓடிவிடும். வெட்டுவது, வரிசைப்படுத்துவது, ஒலியைக் கூட்டிக் குறைப்பது, எழுத்து போடுவது, முடித்ததை ஒரே வீடியோ ஃபைலாக வெளியே எடுப்பது, அதாவது எக்ஸ்போர்ட் செய்வது. ஆரம்பத்துக்கு இவ்வளவு தெரிந்தால் போதும், டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு, கேடென்லைவ், ஷாட்கட் என எதை எடுத்தாலும் இவை இருக்கின்றன. பழைய லேப்டாப் என்றால் ஷாட்கட், நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் ரிசால்வ். இலவசமாகவே இவ்வளவு கிடைக்கும்போது கிராக் செய்த பதிப்பை எங்கிருந்தோ இறக்கி கம்ப்யூட்டரில் வைரஸ் ஏற்றிக்கொள்ள வேண்டாம். ஒன்றைப் பிடித்து, நாலைந்து வீடியோ முடியும் வரை அதிலேயே இருங்கள்.

அடுத்த தவறு கொஞ்சம் பயங்கரமானது. மெமரி கார்டைச் செருகி, கிளிப்களை அதிலிருந்தே நேராக டைம்லைனுக்கு (கிளிப்களை அடுக்கி வெட்டும் பட்டை) இழுத்து வேலையை ஆரம்பிப்பது. சாஃப்ட்வேரில் நீங்கள் சேமிக்கும் புராஜெக்டுக்குள் உங்கள் வீடியோ இருக்காது. எந்த ஃபைல், எந்த இடத்தில் இருக்கிறது, எங்கிருந்து எதுவரை வெட்டியிருக்கிறீர்கள் என்ற குறிப்பு மட்டும்தான் அதில் இருக்கும். கார்டைக் கழற்றினாலோ ஃபோல்டரின் பெயரை மாற்றினாலோ அந்தக் குறிப்பு அறுந்துவிடும், திரையில் படத்துக்குப் பதில் 'மீடியா ஆஃப்லைன்' என்று வரும். ஃபைல் எங்காவது இருந்தால் மறுபடி இணைத்துவிடலாம். எடிட்டிங்கில் ஏற்றியாயிற்றே என்று நினைத்துக் கார்டை ஃபார்மட் செய்துவிட்டால்? அக்கா மகளின் காதுகுத்தை மறுபடி நடத்தி எடுக்க முடியாது.

அதனால் ஒரு வேலைக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் வீடியோ, ஆடியோ, படங்கள், எக்ஸ்போர்ட் என்று உள் ஃபோல்டர்கள். முதலில் எல்லாவற்றையும் அங்கே காப்பி செய்யுங்கள், இன்னொரு ஹார்ட் டிஸ்கிலும் ஒரு காப்பி, அப்புறம்தான் சாஃப்ட்வேரைத் திறக்க வேண்டும். ரிசால்வ் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை: அதில் புராஜெக்ட் உங்கள் ஃபோல்டரில் ஒரு ஃபைலாக உட்காராது, அதன் சொந்த டேட்டாபேஸுக்குள் போய்விடும், ஆகவே அவ்வப்போது புராஜெக்டைத் தனியாக எக்ஸ்போர்ட் செய்து ஃபோல்டரில் போட்டு வையுங்கள்.

போனில் எடுத்த வீடியோவில் அடிக்கடி வரும் ஒரு தலைவலி உண்டு. ஆரம்பத்தில் உதடும் குரலும் சரியாகப் பொருந்தியிருக்கும், பத்தாவது நிமிடத்தில் பார்த்தால் குரல் தனியாக ஓடும். பலர் ஆடியோவை இழுத்து இழுத்துச் சரிசெய்யப் பார்க்கிறார்கள், ஒரு இடத்தில் பொருத்தினால் இன்னொரு இடத்தில் விலகும். காரணம், பெரும்பாலான போன்கள் வினாடிக்கு 30 ஃபிரேம் (தனித்தனிப் படம்) என்று சொன்னாலும் ஒரே சீராக 30 எடுப்பதில்லை, வெளிச்சத்தையும் போனின் சூட்டையும் பொறுத்து அது கூடிக் குறையும், சில எடிட்டிங் சாஃப்ட்வேர்களுக்கு அந்த ஏற்ற இறக்கம் ஒத்துவராது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச சாஃப்ட்வேரில் அந்த ஃபைலைக் கொடுத்து, வீடியோ பகுதியில் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்' என்பதைத் தேர்ந்தெடுத்து மாற்றிய பிறகு எடிட்டிங்குக்குக் கொண்டுவந்தால் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இப்போது நான் மிக முக்கியம் என்று நினைக்கும் விஷயம், ஆடியோ. படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள், பேச்சு புரியவில்லை என்றால் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார்கள். ஆனால் புதிதாகப் பழகுபவர்கள் டிரான்சிஷனுக்கும் (ஒரு காட்சியிலிருந்து அடுத்ததற்கு மாறும் விதம்) கலருக்கும் நாள்கணக்கில் செலவழித்துவிட்டு, ஆடியோவை லேப்டாப் ஸ்பீக்கரில் ஒருமுறை ஓடவிட்டு 'ஓகே' என்று முடித்துவிடுகிறார்கள். சாதாரண வயர் ஹெட்போன் ஒன்று போதும். புளூடூத் வேண்டாம், அதில் ஒலி சற்றுத் தாமதமாக வரும், உதடு பொருந்துகிறதா என்று நம்பிப் பார்க்க முடியாது.

ஆடியோ மீட்டரில் 0 டெசிபல்தான் உச்சவரம்பு. அதைத் தாண்டினால் ஒலி வெடித்துக் கரகரக்கும், பதிவிலேயே அப்படி ஆகியிருந்தால் எடிட்டிங்கில் முழுமையாக மீட்க முடியாது. பேச்சின் உச்சம் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6-க்கும் நடுவில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பின்னணி இசையைப் பேச்சைவிடக் குறைந்தது 15, 20 டெசிபல் கீழே இறக்குங்கள். உங்களுக்கு அது ரொம்பக் குறைவாகத் தோன்றும். ஏனென்றால் அந்தப் பேச்சை நீங்கள் பலமுறை கேட்டு மனப்பாடமே ஆகியிருக்கும், இசை மூடினாலும் உங்கள் காது வார்த்தையைத் தானாக நிரப்பிக்கொள்ளும், முதன்முதலில் கேட்பவருக்கு அந்த வசதி இல்லை. வீட்டில் யாரையாவது கூப்பிட்டு, போன் ஸ்பீக்கரில் போட்டு, வீடியோவில் பேசுபவர் என்ன சொல்கிறார் என்று அவரிடம் கேளுங்கள், உண்மை தெரிந்துவிடும். பேச்சுக்குப் பின்னால் பாடல் வரிகள் ஓடவே கூடாது, இரண்டும் வார்த்தை என்பதால் ஒன்றையொன்று கெடுக்கும். அப்புறம் ஃபேன் சத்தம்: பதிவு செய்யும்போதே நிறுத்துங்கள், நாய்ஸ் ரிடக்‌ஷனை முழுக்க ஏற்றிப் போக்க நினைத்தால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலாகிவிடும்.

சினிமாப் பாட்டை 30 வினாடிக்குள் போட்டால் காப்பிரைட் வராது என்று ஒரு நம்பிக்கை ஊர் முழுக்க இருக்கிறது. அப்படி ஒரு விதி 1957-ஆம் ஆண்டு இந்தியக் காப்புரிமைச் சட்டத்தில் இல்லை. டிஸ்கிரிப்ஷனில் நன்றி போடுவதாலும் அனுமதி கிடைத்துவிடாது. யூடியூப்பின் ஆடியோ லைப்ரரியில் இலவச இசை இருக்கிறது, பொதுவில் ஏற்றும் வீடியோவுக்கு அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

வெட்டுவதில் ஒரு தவறு, முதல் அரை நிமிடத்தைச் செதுக்கிச் செதுக்கி, மீதியை முடிக்காமலே விட்டுவிடுவது. முதலில் பேச்சை மட்டும் வைத்து ஆரம்பம் முதல் கடைசி வரை முரட்டுத்தனமாக வெட்டி அடுக்குங்கள். அது நின்ற பிறகு மேலே படங்கள், பிறகு இசை, பிறகு கலர், கடைசியில் எழுத்து. இசையை முதலிலேயே போட்டுவிட்டால் தளர்வான இடங்கள் தெரியாமல் மறைந்துவிடும். இன்னொன்று, இழுவை ஆகாதபடி வெட்டச் சொன்னால் சிலர் மூச்சு விடும் இடங்களைக்கூட விடாமல் வெட்டுகிறார்கள், கேட்பவருக்கு மூச்சு முட்டுகிறது. முக்கியமான வரிக்குப் பிறகு அரை வினாடி விடுங்கள். டிரான்சிஷனைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, நேரான கட் போதும், காலம் கடந்ததைக் காட்ட ஒரு டிசால்வ் (ஒரு காட்சி கரைந்து அடுத்தது தெரிவது).

தமிழில் டைட்டில் போடும்போது கொம்பும் காலும் இடம் மாறி எழுத்து உடைந்து வந்தால் உடனே ஃபாண்டைக் குறை சொல்ல வேண்டாம். அடோபியின் எடிட்டிங் சாஃப்ட்வேரான பிரீமியர் புரோவில் பிரெஃபரன்ஸில் கிராஃபிக்ஸ் பகுதிக்குப் போய் தெற்காசிய மொழிகளுக்கான டெக்ஸ்ட் எஞ்சினை மாற்றினால் சரியாகும். வேறு சாஃப்ட்வேரில் வழி கிடைக்கவில்லை என்றால், எழுத்தை இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை சாஃப்ட்வேரில் அடித்து, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக்கி மேலே வைத்துவிடலாம்.

எக்ஸ்போர்ட்டில் 1080-இல் எடுத்ததை 4கே ஆக்குவதால் புதிதாக எந்த விவரமும் படத்துக்குள் வந்துவிடாது. 30 ஃபிரேமில் உள்ள 1080 வீடியோவுக்கு யூடியூப் பரிந்துரைப்பது வினாடிக்கு 8 மெகாபிட், அதாவது நிமிடத்துக்குச் சுமார் 60 எம்பி. வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் டாக்குமெண்டாக அனுப்புங்கள், வீடியோவாக அனுப்பினால் அது நசுக்கிவிடும். எக்ஸ்போர்ட் ஆன ஃபைலை முழுவதும் ஒருமுறை பாருங்கள், டைம்லைனில் பார்த்தது கணக்கில் சேராது. இரண்டு கிளிப்புக்கு நடுவே ஒரு ஃபிரேம் இடைவெளி இருந்தால் கறுப்பாக மின்னும். வீடியோ 6 நிமிடம்தான், ஃபைல் 40 நிமிடம் காட்டுகிறது என்றால் டைம்லைனின் தொலைவில் எங்கோ ஒரு துண்டு கிளிப் அநாதையாகக் கிடக்கிறது, அதைத் தேடி அழித்துவிட்டு மறுபடி எக்ஸ்போர்ட் கொடுங்கள்.